பயன்பாட்டில் இல்லாத இரும்புப் பொருள்

"மாடிப்படிக்குக் கீழே நீண்ட நாட்களாகப் பயன்பாட்டில் இல்லாமல் கிடக்கும் இரும்புப் பொருளை அதன் உரிமையாளர் விஜயதசமிக்குள் அப்புறப்படுத்திக்கொள்ளவும். தவறினால் சங்கமே அப்புறப்படுத்தும்."

எங்கள் அடுக்ககத்தின் அறிவிப்புப் பலகையில் ஆவணி மாதத்து ஒரு திங்கட்கிழமை காலையில் ஒட்டப்பட்ட தாள் இது. தேதி, செயலாளரின் கையெழுத்து, சங்க முத்திரை மூன்றும் சரியாக இருந்தன. நான் தேதிகளை விடாமல் குறித்துவைக்கிறவள். ஆனாலும் ஆண்டையும் பெயர்களையும் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் திருவொற்றியூரில் எந்தத் தெரு, எந்தப் படிக்கட்டு என்று கண்டுபிடிக்க ஒரு மாலை நடை போதும். நாங்கள் எல்லோரும் இன்னும் அதே படிக்கட்டில்தான் ஏறி இறங்குகிறோம்.

அகற்றச் சொன்னதைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். 'பயன்பாட்டில் இல்லாமல் கிடக்கும்' என்ற சொற்களைப் பொறுக்க முடியவில்லை. அந்தப் பலகையில் 'அறிவிப்புகள்' என்று மேலே எழுதியிருப்பதே என் கைதான். வீடு வாங்கிய புதிதில், தண்ணீர்த் தொட்டிக்கும் மின்பெட்டி அறைக்கும் சேர்த்து எல்லாப் பலகைகளையும் நான்தான் எழுதிக்கொடுத்தேன். என் எழுத்துக்குக் கீழேயே, என் பொருளைக் கிடப்பில் போட்ட இரும்பு என்று ஒட்டியிருந்தார்கள்.

அந்த இரும்புப் பொருள் ஒரு மில்லிங் மெஷின். மேஜை மேல் வைக்கிற அளவுதான். பார்ப்பதற்குத் துளை போடும் இயந்திரம்போல இருக்கும். வெட்டும் முனையான கட்டர் நின்ற இடத்திலேயே சுழலும். அதற்கு அடியில் ஒரு சிறிய டேபிள் நகரும். உலோகத் துண்டை டேபிளில் இறுக்கிப் பிடித்து, கைச்சக்கரங்களைச் சுற்றினால் டேபிள் இடவலமாகவும் முன்பின்னாகவும் போகும். மூன்றாவது சக்கரம் கட்டரை ஏற்றி இறக்கும். வேண்டாததைக் கட்டர் சீவித் தள்ள, வேண்டியது மிஞ்சும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்தச் சக்கரங்களை ஒரு மயிரிழை கூடாமல் குறையாமல் சுற்றத் தெரிய வேண்டும்.

எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் வேலை பார்த்தேன். பாகங்களை நான் வரைவேன். கீழே ஆண்கள் வெட்டுவார்கள். நான் போட்ட கோட்டுக்கு அவர்கள் விளக்கம் கேட்க மேலே வரலாம். நான் மெஷினைத் தொடக் கீழே போகக் கூடாது. எழுதப்படாத சட்டம். தொழிற்சாலை மூடப்பட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, பயிற்சிப் பிரிவில் இருந்த இந்தச் சின்ன மெஷினை நான் கேட்டேன். ஏலம் நடத்தியவர், "வூட்டுக்காரருக்காம்மா?" என்றார். "எனக்கு" என்றேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும் முன்பே ரசீது என் கையில் இருந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து பழகினேன். கிரைண்டருக்குப் புஷ், தையல் மெஷினுக்குப் புல்லி, படகு மோட்டாருக்கு ஒரு பிடி என்று அக்கம்பக்கத்துக்குச் சில்லறை வேலைகள் செய்தேன். பிறகு ஒரு மழைக்காலத்தில், எண்ணூர் நெடுஞ்சாலையில் நான் வந்த ஷேர் ஆட்டோ, கண்டெய்னர் லாரி வரிசைக்கு ஒதுங்கப்போய்ப் பள்ளத்தில் சாய்ந்தது. வலது மணிக்கட்டில் ஒரு தகடும் திருகுகளும் வைத்தார்கள். எக்ஸ்ரே படத்தை டாக்டர் வெளிச்சத்தில் காட்டியபோது, நல்ல வேலை என்றுதான் முதலில் தோன்றியது. ஒவ்வொரு திருகும் நேராக இறங்கியிருந்தது. ஆனால் அதன்பின் கைச்சக்கரத்தைச் சுற்ற முடியவில்லை. பேனா பிடித்து ஒரே அளவில் எழுத்து எழுதவும் முடியவில்லை. கோடு நடுங்குகிறது. மெஷின் மேல் தார்ப்பாய் ஏறியது.

எங்கள் வீடு தரைத்தளம். மாடிப்படிக்கு அடியில் எங்கள் சமையலறைச் சுவரை ஒட்டி ஓர் அறை உண்டு. மெஷின் இருந்தது அங்கேதான். 'பயன்பாட்டில் உள்ள பொருட்களை மட்டும் வைக்கலாம்' என்று சங்கத்தின் விதி. விதியை எழுதிய கூட்டத்தில் நானும் கை தூக்கியவள்தான்.

தாளைப் பார்த்த அன்றே செயலாளரின் வீட்டுக் கதவைத் தட்டினேன். தெற்கத்திக்காரர், தண்டையார்பேட்டையில் பருப்பு மொத்த வியாபாரம். கெட்டவர் இல்லை. இடம் சும்மா கிடப்பதைப் பார்த்தால் அவருக்குத் தூக்கம் வராது.

"கோவப்படாதீங்கம்மா. ஓடுற சாமான்னா இருக்கட்டும்னுதான ரூல் போட்டிருக்கு? இது ஓடலைல்லா? அந்த எடத்துல மூணு ஸ்கூட்டர் தாராளமா நிக்கும்."

"ஓடும்."

"யாரு ஓட்டுவா?"

"நான்."

அவர் என் மணிக்கட்டைப் பார்த்தார். பார்த்ததை நான் பார்த்தேன் என்று தெரிந்ததும் காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி. விஜயதசமிக்கு எல்லாருக்கும் லீவு. அன்னைக்கு எல்லார் முன்னாலயும் ஓட்டிக் காட்டுங்க. ஓடிச்சுன்னா தாளை நானே கிழிக்கேன். ஓடலைன்னா எடுத்துரணும். பேச்சு மாறக் கூடாது."

"மாறாது" என்றேன்.

கை சுற்றாது என்றால் மோட்டார் சுற்றட்டும். இப்படி மெஷினைக் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டுக்கு மாற்றுகிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். தங்கள் ஷெட்டிலும் கார் நிறுத்துமிடத்திலும் செய்ததை இணையத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த மாதங்களில் நான் படித்ததெல்லாம் அதுதான். ஒவ்வொரு கைச்சக்கரத்தையும் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு ஸ்டெப்பர் மோட்டார். அது மின்விசிறி மோட்டார்போலச் சும்மா சுற்றாது. சொன்ன அளவுக்குச் சின்னச் சின்னத் துள்ளலாகச் சுற்றி நிற்கும். மோட்டாரிலிருந்து, முன்பு சக்கரம் சுற்றிய நீளத் திருகுக்கு ஒரு பல் பெல்ட். மூன்று மோட்டார்களையும் ஆட்டிவைக்க ஒரு சர்க்யூட் போர்டு. அதற்கு உத்தரவு போட ஒரு பழைய கம்ப்யூட்டர். நான் வரைவேன், வரைந்த கோட்டின் வழியே டேபிள் போகும். இத்தனை காலம் நான் வரைய, வெட்டியவர்கள் வேறு யாரோ. இனி நடுவில் யாரும் இல்லை.

என் கணவரிடம் சொன்னேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்த இரைச்சலில் வலது காது போய்விட்டது.

"இன்னாமே இது, ஒரே பேஜாரா கீது? நான் ஒருத்தன் கீறேன்ல? லிவர் புட்ச்ச கை இது. நீ சொல்லு, நான் சுத்துறேன். கம்ப்யூட்டர் இன்னாத்துக்கு?"

"நீ சுத்துனா அது உன் வேலைய்யா. எனக்கு என் வேலை வேணும்."

"தோ பார்றா. அப்போ நான் இன்னா, கூலியா?"

"ஆமா. மோட்டாரை மாட்டுற வரைக்கும் கூலி. மூணு வேளை சோறு போட்றேன்."

"மீன் கொழம்பு உண்டா?"

"ஞாயித்துக்கெழமை."

ஒப்பந்தம் முடிந்தது.

ரிச்சி தெருவுக்கு இருவரும் போனோம். மோட்டார்கள் வைத்திருந்த கடையில் நான் தேவைகளைச் சொல்லச் சொல்ல, கடைக்காரர் என் கணவரைப் பார்த்தே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கணவருக்கு அந்தப் பக்கக் காது கேட்காது. எல்லாவற்றுக்கும் பெரிய மனுஷத்தனமாகத் தலையாட்டினார். கடைசியில் கடைக்காரர், "ஸ்கூல் புராஜெக்டுக்கா சார்? சின்ன மோட்டாரே போதும்" என்றார். அது மட்டும் கணவர் காதில் விழுந்துவிட்டது.

"என்னைக் கேட்டா? எனக்கு இன்னா தெரியும்? நான் மூட்டை தூக்க வந்தவன். தோ, அவங்களாண்ட கேளு" என்றார்.

கடைக்காரர் அதன்பின் என் பக்கம் திரும்பினார். மோட்டார்களின் இழுவிசையை நான் கணக்குப் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். அவர் தந்த முதல் பெட்டியைத் திருப்பிக்கொடுத்தேன். இரண்டாவதையும் கொடுத்தேன். மூன்றாவது சரியாக இருந்தது.

மோட்டார்களை மெஷினோடு பிணைக்க அலுமினியத் தட்டில் பிராக்கெட்டுகள் வேண்டும். பெல்ட்டை இழுத்து இறுக்க வசதியாக அவற்றில் நீளத் துளைகள் வேண்டும். அந்தத் துளைகளை வெட்ட ஒரு மில்லிங் மெஷின் வேண்டும். என்னிடம் இருப்பது சுற்ற ஆளில்லாத மெஷின். தன் பிராக்கெட்டைத் தானே வெட்டிக்கொள்ள வேண்டியதுதான். கூலியாள் வந்து நின்றார்.

கட்டர் ஓடும்போது பேசினால் அவருக்குக் கேட்காது. அவர் துறைமுகத்தில் காதை நம்பி வேலை பார்த்தவரும் இல்லை. கீழே நிற்கும் சிக்னல்காரரின் கையைப் பார்த்தே வாழ்நாள் முழுக்கச் சரக்கை ஏற்றி இறக்கியவர். "கையால காட்டுமே, போதும்" என்றார். நானும் சரி என்றேன். முதல் பிராக்கெட்டைப் பிடித்தோம். கட்டர் தட்டின் ஓரத்துக்கு மேலே தயாராக நின்றது. டேபிளின் சக்கரத்தைச் சுற்றச் சொல்லி, விரலைக் கீழ்நோக்கி நீட்டி வட்டம் போட்டுக் காட்டினேன். எனக்கு அது 'சுற்று' என்று அர்த்தம். துறைமுகத்தில் அது 'கொக்கியை இறக்கு'. அவர் ஒரு நொடிகூட யோசிக்காமல் மூன்றாவது சக்கரத்தைப் பிடித்துக் கட்டரை இறக்கினார். அது அலுமினியத்தின் மூலையில் ஒரு பள்ளத்தைத் தோண்டி அலறியது. நான் பதறி இரண்டு கைகளையும் விரித்தேன். அது மட்டும் துறைமுகத்திலும் இங்கேயும் ஒன்றுதான். உடனே நிறுத்தினார்.

"நீதானமே எறக்க சொன்ன?"

"நான் எங்கய்யா எறக்கச் சொன்னேன்?"

"தோ, இப்டி காட்ன. முப்பது டன் தொங்கிக்கினு இருந்தாலும் இப்டி காட்னா எறக்கிடுவேன்."

அன்று நான்தான் அவருடைய மொழியைக் கற்றேன். விரல் மேல்நோக்கி வட்டமிட்டால் ஏற்று. கீழ்நோக்கி வட்டமிட்டால் இறக்கு. கையைப் பக்கவாட்டில் நீட்டினால் அந்தத் திசையில் நகர்த்து. விரல் நுனிகளைச் சேர்த்துப் பிரித்தால் கொஞ்சமே கொஞ்சம். துறைமுகத்தில் 'கொஞ்சம்' என்றால் ஒரு சாண். இங்கே அது ஒரு காகிதத்தின் தடிமன். அதற்கு மட்டும் நாங்கள் புதிதாக ஒரு சைகை உண்டாக்கினோம்: ஒற்றைக் கண்ணை மூடுவது.

முதல் மாடியில் இருக்கும் மீன்காரப் பெண்மணி, காத்திவாக்கத்துக்காரர், கூடையோடு படியிறங்கும்போது எங்களைப் பார்த்து நின்றுவிட்டார். நான் கைகளை ஆட்டிக் கண்ணடிக்கிறேன். கணவர் வாயைத் திறக்காமல் சக்கரம் சுற்றுகிறார்.

"இன்னாக்கா, வயசு காலத்துல மாமாவுக்குக் கண்ணு அட்ச்சிகினு நிக்கிற?"

"வேலை வாங்குறேன்டி."

"எனக்கும் கத்துக்குடுக்கா. எங்கூட்டு ஆளு வாயால சொன்னா ஒண்ணும் செய்யறதில்ல."

பள்ளம் விழுந்த பிராக்கெட்டை நான் தூக்கிப் போடவில்லை. மூலையில்தான் காயம், பலத்துக்குக் குறைவில்லை. அதைத்தான் இன்றும் இடவல மோட்டார் தாங்கிக்கொண்டிருக்கிறது.

கடற்காற்று இந்தப் பகுதியில் எதையும் சும்மா விடாது. தார்ப்பாய்க்கு அடியிலும் திருகுகளில் செந்துரு பூத்திருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, கிரீஸ் போட்டோம். டேபிளை ஒரு பக்கம் நகர்த்திவிட்டுத் திசை மாற்றினால், திருகு சிறிது சும்மா சுற்றிய பிறகே டேபிள் கிளம்பியது. பழைய திருகுக்கும் அது நுழைந்து சுற்றும் மரைக்கும் இடையே தேய்மானத்தால் வந்த ஆட்டம். கையால் சுற்றும்போது விரல்கள் அதை உணர்ந்து சரிசெய்துகொள்ளும். கம்ப்யூட்டருக்கு விரல் இல்லை. அளவுமானியை வைத்து ஆட்டத்தை அளந்தேன். மரையைக் கழற்றி, பித்தளைத் தகட்டின் மெல்லிய சீவல் ஒன்றைச் செருகி இறுக்கினேன். மிச்சமிருந்த ஆட்டத்தைக் கம்ப்யூட்டரிடம் எண்ணாகச் சொல்லிவைத்தேன். புதுத் திருகு வாங்கிப் போடும்படி எல்லோரும் இணையத்தில் எழுதியிருந்தார்கள். தேய்ந்ததை வைத்தே ஓட்ட முடியுமா என்று பார்க்கும் பிடிவாதம் எனக்கு இருந்தது. ஏன் என்று விளக்கத் தேவையில்லை என நினைக்கிறேன்.

புரட்டாசி பிறந்தபோது மூன்று மோட்டார்களும் ஏறியிருந்தன. விசைப்பலகையில் ஒரு பொத்தானை இடது கையால் அழுத்தினேன். யாரும் தொடாமல் டேபிள் நகர்ந்து, சொன்ன இடத்தில் நின்றது. கணவர் கழற்றிவைத்த கைச்சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என் வேலை பூட்ச்சா?" என்றார்.

"பூட்ச்சு."

"ஞாயித்துக்கெழமை மீன் கொழம்பு?"

"அது இருக்கு."

விஜயதசமியன்று எதை வெட்டிக் காட்டுவது என்பது அடுத்த கேள்வி. ஒரு சதுரத் துண்டு போதும். சங்கத்துக்கு அதுவே பெரிது. எனக்குப் போதவில்லை. தாளில் இருந்த சொற்களுக்குப் பதில் சொற்களிலேயே இருக்க வேண்டும் என்று விரும்பினேன். பித்தளைத் தகட்டில் 'பயன்பாட்டில் உள்ளது' என்று வெட்டுவது. கம்ப்யூட்டரில் கிடைத்த தமிழ் எழுத்துகள் எதுவும் பிடிக்கவில்லை. எல்லாம் கல்யாணப் பத்திரிகை எழுத்து. என் எழுத்து வேண்டும். ஆனால் அதை எழுதிய கை இப்போது இல்லை.

கை இல்லை, எழுத்து இருந்தது. அறிவிப்புப் பலகை, தண்ணீர்த் தொட்டி, மின்பெட்டி அறை, வாகனம் நிறுத்துமிடம், நுழைவாயில். ஒவ்வொன்றையும் நேருக்கு நேர் நின்று படமெடுத்தேன். ஓர் எழுத்தை அங்கிருந்தும் இன்னொன்றை இங்கிருந்தும் எடுத்து, திரையில் ஒவ்வொன்றின் மேலும் கோடு இழுத்து, மெஷினுக்குப் புரியும் புள்ளிகளாக்கினேன். எல்லா எழுத்துகளும் கிடைத்தன. 'உ' மட்டும் நான் எழுதிய பலகை எதிலும் இல்லை.

"அதான் பிள்ளையார் சுழி. அத்த இன்னாத்துக்குத் தேடுற? போடு" என்றார் கணவர்.

இடது கையால் ஒரு தாளில் போட்டேன். வளைவு சற்றுத் தடுமாறியது, வால் நீண்டுவிட்டது. அதையே படமெடுத்துச் சேர்த்தேன். ஆயுத பூஜைக்கு முந்தைய நாள், ஓர் அலுமினியத் துண்டில் சோதனைக்காக அதை மட்டும் வெட்டிப் பார்த்தேன். மெஷின் வெட்டிய முதல் எழுத்து அது. எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. அணைத்துவிட்டு வந்தேன்.

ஆயுத பூஜையன்று மெஷினை ஓட்டக் கூடாது என்பது துறைமுகத்து வழக்கம். எங்கள் தொழிற்சாலையிலும் அதேதான். எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் வாய் பேசாமல் சக்கரம் சுற்றிய மனிதருக்கு அந்த ஒரு நாளை நான் விட்டுக்கொடுத்தேன். அவர் குளித்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடும் குங்குமத்தோடும் உள்ளே போனார். கிரேனுக்குப் பொட்டு வைத்துப் பழகிய கை, தாராளம். மோட்டாருக்கு ஒன்று, மூடிக்கு ஒன்று, ஒவ்வொரு பிராக்கெட்டுக்கும் ஒன்று, விசைப்பலகைக்கு ஒன்று, மவுஸுக்கு ஒன்று. மேலே ஒரு மாலை. பொரிகடலையை வீடு வீடாகக் கொடுத்தோம், செயலாளர் வீட்டுக்கும்.

மறுநாள் காலை பத்து மணிவாக்கில் படிக்கட்டு நிறைந்துவிட்டது. கீழ்ப்படியில் செயலாளர், அவருக்கு மேலே படிகளில் வரிசையாக எங்கள் அடுக்ககம். மீன்காரப் பெண்மணி கடைசியாக வந்து, ஓர் ஆளை நகரச் சொல்லி உட்கார்ந்தார். நான் பித்தளைத் தகட்டைப் பிடித்து இறுக்கினேன். கம்ப்யூட்டரை ஓடவிட்டு, டேபிளைத் தொடக்க இடத்துக்குப் போகச் சொன்னேன்.

டேபிள் அசையவில்லை.

திரையில் சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை. எல்லைக்கு வந்துவிட்டதாகவும் இனி நகர முடியாது என்றும் மெஷின் சொன்னது. டேபிள் நட்டநடுவில் இருந்தது. மீண்டும் அழுத்தினேன். மீண்டும் அதே சிவப்பு.

"என்னம்மா, ஓடுமா ஓடாதா?" என்றார் செயலாளர். குரலில் கேலி இல்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

"மெஷினு மொறைக்குதுக்கா" என்றார் மீன்காரப் பெண்மணி.

மேல்படியிலிருந்து ஒருவர், "லீவு நாள்ல அதுக்கும் லீவு" என்றார். சிரித்தார்கள். கணவர் முன்னால் வந்து, "எத்தயாவது தட்டிப் பாக்கட்டா?" என்றார். கையை விரித்துக் காட்டினேன். நின்றுவிட்டார்.

"ஒரு டீ குடிக்கிற நேரம் குடுங்க" என்றேன்.

"பொறவு பாக்கலாம்னா பேச்சு மாறுறதுல்லா?"

"இன்னைக்கு முழுக்க விஜயதசமிதான். நான் பேச்சு மாறலை. நீங்களும் எழுந்து போகாதீங்க."

டேபிளின் ஓரத்தில் லாட வடிவத்தில் ஒரு சிறிய சென்சார் உண்டு. அதன் இரண்டு கால்களுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளி பாய்ந்துகொண்டிருக்கும். டேபிள் ஓரத்துக்கு வரும்போது அதோடு வரும் ஒரு தகடு அந்த ஒளியை மறைத்தால், எல்லை வந்துவிட்டது, நில் என்று அர்த்தம். தகடு இப்போது எங்கோ இருக்கிறது. ஒளி மறைந்ததாக மெஷின் நினைக்கிறது. டார்ச்சைப் பிடித்துக் குனிந்தேன். பள்ளம் விழுந்த பிராக்கெட்டுக்குப் பக்கத்தில், அந்த லாடத்தின் மேல், அழகான வட்டமாக ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். சந்தனம் வழிந்து இரண்டு கால்களுக்கும் இடையில் காய்ந்திருந்தது.

திரும்பிக் கணவரைப் பார்த்தேன். அவரும் பார்த்துவிட்டார். ஒரு காது கேட்காத மனிதருக்குக் கண் நன்றாகவே தெரியும்.

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை இடது கையால் உள்ளே விட்டுத் துடைத்தேன். பொட்டு கரைந்து வந்தது. மீண்டும் அழுத்தினேன். டேபிள் கிளம்பியது. ஓரம் வரை போனது, தொட்டது, சற்றுப் பின்வாங்கி நின்றது. அதன்பின் கட்டர் சுழல ஆரம்பித்தது.

முதல் சொல்லின் தொடக்கத்தில் கட்டர் இறங்கியபோது, படிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கி அறை வாசலில் கூடிவிட்டார்கள். பித்தளைத் தூள் மஞ்சளாகப் பறந்தது. சத்தம் பற்றி இரண்டாம் மாடிக்காரர் ஒரு குறை சொன்னார். அவர் வீட்டு கிரைண்டர் அப்போது மேலே ஓடிக்கொண்டிருந்ததை எல்லோரும் சேர்ந்து அவருக்குக் கேட்கச் செய்தோம். நான் எதையும் தொடவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். என் 'ப', என் 'ய', நடுக்கமில்லாத காலத்து என் சுழிகள் ஒவ்வொன்றாகத் தகட்டில் வந்துகொண்டிருந்தன.

முடிந்ததும் ஊதித் துடைத்து, செயலாளரிடம் கொடுத்தேன். வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் வைத்துப் படித்தார். பருப்பைக் கையில் எடுத்துப் பார்க்கிறவரின் பார்வை.

"எல்லாம் நம்ம போர்டுல உள்ள எழுத்து மாதிரியே இருக்கு. இந்த 'உ' மட்டும் ஒரு மாதிரி கோணலா இருக்கே?"

"அது இப்போதைய கை. மத்தது அப்போதைய கை. ரெண்டும் என்னுதுதான்."

அவர் பலகையிலிருந்து தாளை எடுத்து, கிழிக்கப்போனார்.

"கிழிக்காதீங்க. தேதி போட்ட தாளைக் கிழிக்கக் கூடாது. என்கிட்ட கொடுங்க."

"இது எதுக்கும்மா உங்களுக்கு?"

"வச்சுக்குவேன்."

"மெஷினு ஓடிச்சு, தாளைக் குடுத்துட்டு மேல போ நைனா. எனக்கு யாவாரத்துக்கு நேரமாவுது" என்று மீன்காரப் பெண்மணி கூடையை எடுத்தார். தாள் என் கைக்கு வந்தது. மேலே மேற்கோள் காட்டியிருப்பது அதிலிருந்துதான். ஒரு புள்ளியும் மாற்றவில்லை. பித்தளைத் தகட்டை மாடிப்படி அறையின் கதவில் திருகு போட்டு மாட்டினேன். ஸ்கூட்டர்கள் இன்னும் வெளியில்தான் நிற்கின்றன. போன வாரம் காத்திவாக்கத்திலிருந்து ஒரு படகு மோட்டாரின் உடைந்த பிடி வந்தது. நான் வரைந்தேன், மெஷின் வெட்டியது.

ஒரு விஷயத்தை மட்டும் உள்ளது உள்ளபடி எழுத வேண்டியிருக்கிறது. அன்று இடது கையால் சந்தனத்தைத் துடைத்தபோது, அந்த சென்சாரிலிருந்து வரும் ஒயரின் பிளக் சற்று வெளியே நழுவியிருப்பதுபோலத் தெரிந்தது. யோசிக்காமல் வலது கைக் கட்டைவிரலால் அதையும் அழுத்தினேன். இரண்டையும் ஒரே மூச்சில் செய்துவிட்டேன். ஒயர் கழன்றிருந்தாலும் திரையில் அதே சிவப்பு எழுத்துதான் வரும். கணவர் இதை விடுவதாக இல்லை. "லூசு ஒயரு உன்னுது. பழி என் சந்தனத்து மேல. இன்னாமே நியாயம்?" என்கிறார். அடுத்த ஆயுத பூஜைக்கு அதே இடத்தில் பொட்டு வைத்துப் பார்த்துவிடலாம் என்றும் சொல்கிறார். நான் இன்னும் சம்மதிக்கவில்லை. மெஷின் அன்று நின்றது சந்தனத்தாலா, நழுவிய பிளக்காலா என்பது இதை எழுதும் நாள்வரை சரிபார்க்கப்படவில்லை.